நேட்டால் நாட்டுப்புறப் பெண்களும் தற்காப்பு முறைகளும்

போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டு வரிசையில் ஒப்பிக்கும் நம் மாணவர்கள், ஒரு சிற்றூர்ப் பெண் எத்தனை பிள்ளை பெறுவதென்று முடிவு செய்தவர் யார் என்பதை ஒரு வரலாற்று வினாவாகக் கருதுவதில்லை. கணவன் வெளியூரிலிருந்து கொண்டுவரும் நோயிலிருந்து அவள் தன்னைக் காத்துக்கொள்ள வழியிருந்ததா என்பதும் அவ்வாறே. ஆயினும் இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுவோமானால், நிலச் சட்டமும் சுரங்கத் தொழிலும் இனவொதுக்கல் ஆட்சியும் மருந்து ஆய்வும் ஒன்றன்பின் ஒன்றாக நம்முன் வந்து நிற்கக் காண்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நேட்டால் மாநிலம் இதற்குத் தக்க சான்றாகும். 1994ஆம் ஆண்டுமுதல் அது குவாசூலு-நேட்டால் என வழங்கப்படுகிறது.

நேட்டால் என்னும் பெயர் தமிழருக்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. மலாயாவின் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்த அதே ஒப்பந்த முறைதான் அவர்களை அங்கே கரும்புத் தோட்டங்களில் சேர்த்தது. எனினும் இக்கட்டுரை அத்தமிழரைப் பற்றியதன்று. கரும்புக் காடுகளுக்கு அப்பால், மலையடிவாரச் சிற்றூர்களில் வாழ்ந்துவரும் ஜூலு இனப் பெண்களைப் பற்றியதாகும். தமக்கென வந்த ஒவ்வொரு தற்காப்பு முறையையும் அப்பெண்கள் எவ்வாறு எடைபோட்டனர், எதனை ஏற்றனர், எதனை ஒதுக்கினர், ஏன் ஒதுக்கினர் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

மூத்த மகளிர் காத்த முறை

மருந்தும் ஊசியும் வருமுன்னரே ஜூலு மக்களிடம் கருத்தரிப்பைத் தவிர்க்கும் ஒரு முறை இருந்தது. மணமாகாத இளையோர் ஒருவரையொருவர் விரும்பிப் பழகுவதை அச்சமூகம் தடை செய்யவில்லை. ஆனால் அப்பழக்கம் கருத்தரிக்கும் எல்லைவரை செல்லலாகாது என்பது கட்டாயம். அவ்வெல்லையை இளம்பெண்களுக்குக் கற்பித்தவர்கள் 'அமாகிக்கிசா' எனப்பட்ட மூத்த கன்னியர். எவனை ஏற்பது, எப்போது ஏற்பது, எவ்வளவில் நிற்பது என்பனவற்றை அவர்களே கண்காணித்தனர். எல்லை மீறிய இளைஞனின் குடும்பம் தண்டமாகக் கால்நடை கொடுக்க நேர்ந்தது.

இம்முறையைப் பொற்காலமெனப் புகழ்வது நம் நோக்கமன்று. மணமானபின் பெண்ணுக்கு இத்தகைய உரிமை கிடையாது. 'லோபோலா' எனப்படும் பரிசமாக மாடுகளைக் கொடுத்து மணந்த குடும்பம் அவளிடம் பிள்ளைகளை எதிர்பார்த்தது. கணவனின் உறவினர் முன்னிலையில் தலைதாழ்ந்து நடத்தலும், அவர்தம் பெயரைச் சொல்லாதிருத்தலும் 'ஹ்லோனிபா' என்னும் மரியாதை வழக்கின்படி அவளுடைய கடமைகள். ஆனால் ஒன்றை மட்டும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். மணத்திற்கு முந்திய தற்காப்பு பெண்களின் கையில் இருந்தது. அதை ஒருத்திக்கு மற்றொருத்தி கற்பித்தாள். அதில் மறைவு இல்லை. கிறித்துவ சமயப் பணியாளர் அதனை ஒழுக்கக்கேடு எனக் கடிந்தனர். நகர வாழ்வும் பள்ளிக்கூடமும் மூத்த கன்னியரின் அதிகாரத்தைக் குறைத்தன. பழைய முறை தேய்ந்தது. அதன் இடத்தில் நெடுங்காலம் வேறொன்றும் வரவில்லை.

சுரங்கமும் மேகநோயும்

அவ்விடைவெளியில்தான் நோய் புகுந்தது. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டு மலைத்தொடரில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நேட்டாலிலோ 1849முதலே குடிசை வரி நடப்பில் இருந்தது. வரி கட்டப் பணம் வேண்டும், பணத்திற்குக் கூலி வேலை வேண்டும். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கையே ஒதுக்கியது. உழுது பிழைக்க வழியற்ற ஆடவர் சுரங்கங்களை நோக்கி நடந்தனர். மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல அனுமதி இல்லை. ஆண்கள் மட்டும் தங்கும் கொட்டடிகளில் மாதக்கணக்கில் வாழ்ந்து, ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பினர்.

1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் மருத்துவத் தம்பதியர் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்திலுள்ள பொலேலாவில் ஒரு சுகாதார நிலையத்தை நிறுவினர். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகச் சென்று, உணவையும் நோயையும் குடும்ப நிலையையும் பதிவு செய்தமை அந்நிலையத்தின் தனிச்சிறப்பாகும். அங்கே மேகநோய் பரவியிருந்ததைக் கண்ட சிட்னி கார்க், 1949இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய்க்குக் காரணம் மக்களின் ஒழுக்கம் அன்று, குடும்பத்தைப் பிரித்துவைக்கும் இடம்பெயர் தொழில்முறையே என்பது அவர் கண்ட முடிவு. ஊரிலிருக்கும் மனைவி எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தாலும், ஆண்டுக்கொருமுறை வாயிலில் வந்து நிற்பவனிடமிருந்து அவளுக்குப் பாதுகாப்பு இல்லை. பிற்காலத்தில் எய்ட்ஸ் நோய் பரவிய பாதையையும் இக்கட்டுரை முன்கூட்டியே காட்டிவிட்டது எனலாம். 1948இல் இனவொதுக்கல் கொள்கையினர் ஆட்சிக்கு வந்தபின் பொலேலா போன்ற முயற்சிகளுக்கு ஆதரவு குன்றியது. கார்க் தம்பதியர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

மூன்று மாத ஊசி

1974இல் தென்னாப்பிரிக்க அரசு தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கறுப்பின மக்களுக்குப் போதிய மருத்துவமனைகள் இல்லாத அந்நாட்டில், கருத்தடைச் சேவை மட்டும் இலவசமாகச் சிற்றூர்கள்வரை சென்றது. வெள்ளையர் தொகை குறைந்து கறுப்பர் தொகை பெருகுகிறது என்ற அச்சம் இதன் பின்னணியில் இருந்ததை வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். பெரிதும் வழங்கப்பட்டது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் 'டெப்போ புரோவெரா' என்னும் ஊசி. அமெரிக்க அரசு தன் நாட்டுப் பெண்களுக்கு இதனைக் கருத்தடை மருந்தாக ஏற்றது 1992இல்தான் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் தகும். பிள்ளை பெற்ற கையோடு, உரிய விளக்கமோ ஒப்புதலோ இன்றி ஊசி போடப்பட்ட பெண்களும் உண்டு.

இத்தகைய ஊசியை அப்பெண்கள் முற்றாக வெறுத்திருப்பர் என்று நாம் எண்ணக்கூடும். நடந்தது அவ்வாறன்று. ஐயமும் விருப்பமும் ஒரே மனத்தில் ஒருங்கே குடிகொண்டன. 'எங்கள் இனத்தைக் குறைக்கவே இது வந்தது' என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. ஊசியால் மாதவிலக்கு நின்றபோது, வெளியேற வேண்டிய கெட்ட இரத்தம் உடலுக்குள் தேங்கிவிடும் என்று அஞ்சினர். அதே பெண்கள் குறித்த நாளில் மருத்துவ நிலையத்தின் முன் வரிசையில் நின்றனர். காரணம் எளிது. மாத்திரையை மறைத்துவைக்க ஓர் இடம் வேண்டும். மாமியார் கண்ணில் படலாம். விடுப்பில் வந்த கணவன் எடுத்தெறியலாம். ஊசி தடயம் வைப்பதில்லை. பரிசம் கொடுத்தவன் பிள்ளையைக் கேட்கிறான். பிறந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியவளோ அவள். இவ்விரண்டிற்கும் நடுவில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒதுக்கிடம் அந்த ஊசி. மகளின் படிப்பு இடையில் நின்றுவிடலாகாது என்று, பருவமெய்திய பெண்ணைத் தாமே அழைத்துச்சென்று ஊசி போடுவித்த தாய்மாரும் பலர்.

1998இல் எடுக்கப்பட்ட தேசிய மக்கள்தொகை நலக் கணக்கெடுப்பின்போது, அந்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2.9 ஆகக் குறைந்திருந்தது. பயன்பாட்டில் இருந்த கருத்தடை முறைகளுள் ஊசியே முதலிடம் பெற்றது. தம்மை ஒடுக்கிய அரசு தீய நோக்கோடு தந்த ஒரு கருவியைத் தம் நோக்கத்திற்குத் திருப்பிக்கொண்டனர் அப்பெண்கள்.

கருவைத் தடுத்தது, நோயைத் தடுக்கவில்லை

ஆனால் ஊசிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது கருவைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. தென்னாப்பிரிக்காவில் 1990இல் கருவுற்ற பெண்களிடையே எச்.ஐ.வி. கிருமித் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. 1998இல் அது 22.8 ஆக உயர்ந்தது. குவாசூலு-நேட்டாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். எட்டே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

உறை அணியச் சொல்லுங்கள் என்று சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அணிய வேண்டியவன் ஆண். கேட்க வேண்டியவள் பெண். 'என்மீது ஐயமா? அல்லது நீ வேறொருவனை நாடினாயா?' என்ற எதிர்வினா அவளை வாயடைக்கச் செய்தது. மேலும், குழந்தை வேண்டுமென விரும்பும் மனைவிக்கு உறையால் என்ன பயன்? நோயைத் தடுக்கும் அதே உறை மகவையும் தடுத்துவிடுகிறது. தாயாகும் ஆசையும் உயிர் பிழைக்கும் ஆசையும் ஒன்றையொன்று மறுக்கும் நிலையில் அவள் நிறுத்தப்பட்டாள்.

1922இல் டர்பனில் பிறந்து, கார்க் தம்பதியரின் பணியால் ஈர்க்கப்பட்டு, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய சீனா ஸ்டைன் அம்மையார் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண் தானே பயன்படுத்தக்கூடிய நோய்த்தடுப்பு முறைகள் உடனடியாகத் தேவை என்று அவர் வாதிட்டார். ஆடவனின் ஒப்புதலை எதிர்பார்த்து நிற்கும் எந்த முறையும் பெண்ணைக் காவாது என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கட்டுரை ஒரு புதிய ஆய்வுத் துறைக்கே வித்திட்டது.

முதலில் வந்தது பெண்ணுறை. அமெரிக்கா அதனை 1993இல் ஏற்றது. தென்னாப்பிரிக்க அரசு 1998இல் வழங்கத் தொடங்கியது. அண்டை நாடான சிம்பாப்வேயில் பெண்களே 30,000 கையெழுத்துகளைத் திரட்டித் தம் நாட்டுக்குப் பெண்ணுறை வேண்டுமென அரசிடம் கோரினர். இத்தகைய செய்திகளை நாட்டுப்புறப் பெண்கள் பேசமாட்டார், நாணுவர், அறியார் என்று கூறுவோருக்கு அக்கோரிக்கை தக்க மறுமொழியாகும். ஆயினும் பெண்ணுறை கண்ணுக்குப் புலப்படுவது, விலை மிகுந்தது, கணவன் அறியாமல் பயன்படுத்த இயலாதது. எனவே ஆய்வாளரின் கவனம் கண்ணுக்குத் தெரியாத ஜெல் மருந்தின்பால் திரும்பியது.

ஜெல் ஆய்வுகளின் இருபது ஆண்டுகள்

உறவுக்குமுன் பெண் தன் உடலுக்குள் இட்டுக்கொள்ளும் ஜெல் கிருமியைக் கொல்லுமானால், அவள் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை அன்றோ? இந்நம்பிக்கையோடு தொடங்கிய ஆய்வுகள் அடுத்தடுத்துத் தோல்வி கண்டன. விந்துக்கொல்லியாகப் பலகாலம் விற்கப்பட்ட 'நொனாக்சினால்-9' தொற்றைத் தடுக்காததோடு, மிகுதியாகப் பயன்படுத்தியோருக்கு ஆபத்தைக் கூட்டவும் செய்தது என்னும் முடிவு 2000ஆம் ஆண்டு டர்பன் மாநாட்டில் வெளியாயிற்று. கடற்பாசியிலிருந்து செய்யப்பட்ட 'காராகார்டு' தீங்கற்றது, ஆனால் பயனற்றது என 2008இல் தெரிந்தது. வட நேட்டாலின் முதுபாதுபா வட்டாரப் பெண்கள் உட்பட 9,385 பெண்கள் பங்குகொண்ட 'புரோ 2000' ஆய்வும் 2009இல் அவ்வாறே முடிந்தது.

மருந்து தோற்றது, ஆனால் பெண்கள் சொன்னவை வீண்போகவில்லை. பெண் இதனை மறைவாகவே பயன்படுத்துவாள் என்பது அறிஞர் கொண்டிருந்த எண்ணம். முதுபாதுபா பெண்களுள் பலரோ துணைவனிடம் அதனைப் பற்றிப் பேசினர். ஜெல் உறவை இனிதாக்கியது என்றனர். இருவருக்குமிடையே பேச்சுக்கு இடம் தந்தது என்றனர். மறைக்கும் வசதி வேண்டும். அதேவேளை மறைத்தே ஆக வேண்டிய நிலையும் கூடாது. இதுவே அவர்தம் விருப்பமாக இருந்தது.

2010ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் நற்செய்தி ஒன்று வந்தது. கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற தொங்காட்டில் 1960இல் பிறந்த இந்திய வம்சாவளியினரான குவரைசா அப்துல் கரீம் அம்மையாரும் அவர்தம் கணவர் சலீம் அப்துல் கரீமும் தலைமை தாங்கிய ஆய்வு அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரை அடுத்த வுலிண்ட்லேலா என்னும் நாட்டுப்புறத்திலும் டர்பன் நகரிலுமாக 889 பெண்கள் பங்கேற்றனர். 'டெனோஃபோவிர்' கலந்த ஜெல்லை உறவுக்கு முந்திய 12 மணி நேரத்திற்குள் ஒருமுறையும், பிந்திய 12 மணி நேரத்திற்குள் ஒருமுறையும் இட வேண்டும். வேலை நிமித்தம் வெளியூரில் தங்கி, இடையிடையே வந்துபோகும் துணைவரைக் கொண்ட பெண்களின் வாழ்க்கைக்கு இவ்வேற்பாடு ஒத்துவந்தது. தொற்று நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. முறை தவறாது பயன்படுத்தியோரிடம் 54 பங்கு குறைந்தது. பெண்ணின் கையிலுள்ள மருந்து அவளைக் காக்கவியலும் என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது.

மௌனத்தின் பொருள்

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களிடையே நடந்த 'வாய்ஸ்' என்னும் ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. கொடுக்கப்பட்ட மருந்துகளில் நூற்றுக்கு 90 பங்கைப் பயன்படுத்தினோம் என்று பெண்கள் கூறியிருந்தனர். இரத்தத்தைச் சோதித்தபோது ஏறக்குறைய 30 விழுக்காட்டு மாதிரிகளிலும் அதற்குக் குறைவானவற்றிலுமே மருந்து காணப்பட்டது. 2015இல் வெளியான மற்றொரு தென்னாப்பிரிக்க ஆய்வும், அதே டெனோஃபோவிர் ஜெல் பொதுவில் பாதுகாப்பளிக்கவில்லை எனக் காட்டியது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தியோர் சிலரே.

இதனைப் பொய்யென்றும் பொறுப்பின்மையென்றும் கடிந்துவிடுதல் எளிது. ஆனால் வரலாறு கற்போர் அங்கே நின்றுவிடலாகாது. ஆய்வாளர் மீண்டும் அப்பெண்களிடம் சென்று, இரத்தச் சோதனை முடிவுகளைக் காட்டி, காரணம் கேட்டனர். நோயுற்றோர் உண்ணும் மருந்தைத் தம் வீட்டில் எவரேனும் கண்டால் தம்மையும் நோயாளி என்று கருதுவரே என்பது ஓர் அச்சம். உடல்நலத்தோடு இருக்கும்போது ஏன் மருந்துண்ண வேண்டும், அது தீங்கு செய்யாதா என்பது மற்றோர் அச்சம். வரிசையில் உடன் காத்திருந்த பெண்கள் சொன்ன வதந்திகளும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஆய்விற் பங்குகொண்டோரில் பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்ந்த மணமாகாத இளம்பெண்கள். ஜெல்லை இட்டுக்கொள்ளத் தனியிடம் ஏது? எனினும் மருத்துவ நிலையத்திற்குச் செல்வதை அவர்கள் நிறுத்தவில்லை. அங்கே நல்ல மருத்துவக் கவனிப்பு கிடைத்தது. கவனிப்பை இழக்க விரும்பாதவள், தாதி கேட்ட வினாவுக்குத் தாதி விரும்பிய விடையைச் சொன்னாள். மாணவன் வீட்டுப்பாடம் செய்தேன் என்று தலையாட்டுவதன் காரணத்தை ஆசிரியரான நாம் அறியாதவர்களா?

எண்பதாண்டு வரலாற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். நேட்டாலின் நாட்டுப்புறப் பெண்கள் எந்த முறையையும் அறியாமையால் ஒதுக்கியதில்லை. ஒவ்வொன்றின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்பினர். வீட்டில் இதனை யார் காண்பர்? என் தாய்மைக்கு இது என்ன செய்யும்? இதனைத் தருபவரை நான் நம்பலாமா? ஊசிக்கு முதல் வினாவில் வெற்றி, மூன்றாவதில் தோல்வி. ஆணுறைக்கு முதலிரண்டிலும் தோல்வி. ஜெல்லும் மாத்திரையும் ஆய்வுக்கூடத்தில் வென்று, ஒற்றை அறை வீட்டில் தோற்றன.

வளையமும் புதிய ஊசியும்

இவ்வினாக்களைச் செவிமடுத்த பின்னரே மருந்துகளின் வடிவம் மாறலாயிற்று. மாதம் ஒருமுறை மாற்றப்படும் 'டாபிவிரின்' வளையம் பற்றிய இரண்டு பெரிய ஆய்வுகள் 2016இல் வெளியாயின. தொற்று முறையே 27, 31 விழுக்காடு குறைந்தது. 21 வயதுக்குட்பட்ட இளம்பெண்களிடம் மட்டும் பயன் காணப்படவில்லை. அவர்கள் வளையத்தைத் தொடர்ந்து அணியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அவ்வளையத்தைப் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்கா 2022இல் அதற்கு ஒப்புதல் அளித்தது.

பழைய மூன்று மாத ஊசியே எச்.ஐ.வி. தொற்றுக்கு வழிவகுக்கிறதோ என்று நெடுங்காலம் நிலவிய ஐயத்தைத் தீர்க்க, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 7,829 பெண்கள் ஓர் ஆய்வில் பங்குகொண்டனர். மூன்று வகைக் கருத்தடை முறைகளுக்கிடையே தொற்று அபாயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2019இல் முடிவு வந்தது. ஆனால் அதே ஆய்வு, கருத்தடை நாடி வந்த பெண்களுள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் தொற்றுக்கு ஆளாயினர் என்ற கசப்பான உண்மையையும் வெளிப்படுத்தியது. கருவிலிருந்து காப்பு கேட்டு வந்தவளுக்கு நோயிலிருந்து காப்பு தராமல் அனுப்புதல் எத்துணைக் குறையுடைய பணி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2024இல் 'லெனகாபவிர்' என்னும் ஊசியின் முடிவு வந்தது. ஆண்டுக்கு இருமுறை போட்டுக்கொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அவ்வூசியைப் பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. ஆய்வுக் காலத்தில் கருவுற்றோரும் விலக்கப்படாது தொடர்ந்து பங்கேற்றனர். 2025 சூலையில் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. வீட்டில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை; தாய்மைக்குத் தடையும் இல்லை. முதலிரண்டு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது வினா எஞ்சி நிற்கிறது. 1974இல் ஊசியுடன் வந்த தாதியை ஐயத்தோடு நோக்கிய பெண்ணின் பேத்தி இன்று அதே சிற்றூர் மருத்துவ நிலையத்தின் முன் நிற்கிறாள். பாட்டிக்கு விளக்கம் தரப்படவில்லை. மறுக்கும் உரிமையும் தரப்படவில்லை. பேத்திக்கு அவ்விரண்டும் தரப்படுமா? மருந்தின் வெற்றி இனி அதனைப் பொறுத்ததே. ஒருகாலத்தில் மூத்த கன்னியர் இளையோர்க்கு வெளிப்படையாகக் கற்பித்த செய்தியை, இன்று தாயும் ஆசிரியையும் தாதியும் அதே வெளிப்படையோடு கற்பிக்க முன்வரல் வேண்டும்.

இவ்வரலாறு நமக்கும் ஒரு பாடம் புகட்டுகிறது. மேலிருந்து ஒரு திட்டம் வரும்போது, அதனை ஏற்காத எளியவரை 'விழிப்புணர்வு அற்றவர்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பழக்கம் எந்நாட்டிலும் உண்டு. அவ்வாறு தள்ளுமுன், அவர் வீட்டின் அறைகள் எத்தனை, அவர் யாருக்கு அஞ்சுகிறார், முன்பு அவரை யார் ஏமாற்றினர் என்று கேட்டறிதல் நம் கடன். அங்ஙனம் கேட்கக் கற்றுக்கொடுக்கும் வரலாற்றுப் பாடமே மாணவர்க்கு வாழ்நாள் முழுதும் துணைநிற்கும்.